கிறிஸ்துமஸ் இல்லமும் கைவினைப் பரிசும்

டிசம்பர் 24ஆம் நாள் மாலையில் தம்பானூரில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்குத் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் கதை முழுவதும் கண்முன் விரியும். ஒருபுறம் புகைவண்டி நிலையம். மறுபுறம் பேருந்து நிலையம். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பெட்டியுமாகத் தாய்மார்கள் நாகர்கோவில் வண்டியைத் தேடி விரைகின்றனர். தந்தையின் தோளில் துணிப்பை. அதன் வாயில் எட்டிப்பார்க்கும் ஒரு பொம்மைப் பெட்டி. கக்கத்தில் கேக்குப் பொட்டலம். எல்லாரும் ஊருக்குப் போகின்றனர். ஆண்டு முழுவதும் பிழைப்புக்காகப் பிரிந்திருந்தவர்கள், ஓர் இரவுக்காயினும் பிறந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்க விரும்புகின்றனர்.

இந்தப் பயணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தம்பானூருக்குப் புகைவண்டி வந்தது 1931ஆம் ஆண்டில். ஆனால் அங்கிருந்து தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் நம் முன்னோர்க்குச் சாலை வழியே துணை. திருவிதாங்கூர் அரசு 1938ஆம் ஆண்டில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, முதன்முதலாக வண்டி விட்டதும் திருவனந்தபுரம்–கன்னியாகுமரிச் சாலையிலேயே. அப்போது இரண்டும் ஒரே நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. எல்லைக்கோடு உறவுகளுக்கு ஊடே விழுந்தது. பாட்டி அந்தப் பக்கம். பேரக் குழந்தைகள் இந்தப் பக்கம்.

இந்தக் கட்டுரை அந்தப் பாட்டிக்கும் பேரக் குழந்தைகளுக்கும் இடையே உள்ள ஒரு சிறு பொருளைப் பற்றியது. அது ஒரு வாழ்த்து மடல்.

ஒரு மடல் கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகள் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பாட்டிக்குக் கொடுப்பதற்காகத் தானே ஒரு மடல் செய்தாள். முகப்பில் மாட்டுத்தொழுவமும் நட்சத்திரமும் வரைந்து, உள்ளே பத்து வரி எழுதியிருந்தாள். எழுதியது மலையாளத்தில்; அவள் அறிந்த எழுத்து அதுவே. நாங்களும் அதைக் கண்டு மகிழ்ந்தோமேயன்றி, வேறொன்றும் எண்ணினோமில்லை.

பாட்டி மடலை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். படத்தைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு குழந்தையை அணைத்து, "படம் நல்லா இருக்கு மக்களே, எழுதியிருக்கியதுதான் பாட்டிக்குத் தெரியல்ல" என்றார்கள். குழந்தை தானே படித்துக் காட்டினாள். ஆனால் மறுநாள் காலையில், முன்பு திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த ஒரு முதியவரைத் தேடிப் பாட்டி அந்த மடலோடு தெருக்கோடிக் கடைக்குப் போனதை நான் கண்டேன். பேத்தி எழுதியதை மறுபடி ஒருமுறை கேட்பதற்கு அயலாரின் கண்கள் தேவைப்பட்டன.

மலையாளத்தின் மேல் நமக்குக் குறையொன்றுமில்லை. நமக்குச் சோறு தரும் மண்ணின் மொழி அது. அதைப் பழுதறக் கற்பது நம் குழந்தைகளுக்கு நன்மையும் கடமையும் ஆகும். குறை எங்களுடையது. வீட்டில் தமிழ் பேசினால் போதும் என்று இருந்துவிட்டோம், எழுத்தை மறந்தோம். பேச்சு அடுக்களை வரையில்தான் வரும். பாட்டி தனித்திருக்கும் பொழுதில் எடுத்துப் படிக்க எழுத்து வேண்டும்.

அடுத்த ஆண்டு நாங்கள் ஒரு முடிவு செய்தோம். நவம்பர் 30ஆம் நாளை ஒட்டிய ஞாயிறன்று திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமசுக்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கின்றன. ஞாயிறுக்கு ஒரு கைவேலை; கைவேலைக்கு ஒரு தமிழ் வரி. நான்கு வாரத்தில் நான்கு வரி. அந்த நான்கு வாரத்தையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் வாரம்: நட்சத்திரம்

கடையில் பளபளக்கும் நட்சத்திரங்கள் கிடைக்கின்றன. ஆயினும் மூங்கில் சிம்பில் கட்டிய நட்சத்திரத்துக்கு உள்ள அழகு தனி. ஒரே நீளமுள்ள பத்துச் சிம்புகள் வேண்டும். ஐந்தைக் கொண்டு ஓர் ஐமுனை நட்சத்திரமும், எஞ்சிய ஐந்தைக் கொண்டு மற்றொன்றும் கட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். பின்பு உள்மூலைகள் ஐந்திலும் சாண் நீளத்திற்குக் குறைந்த ஐந்து குச்சிகளை இடையே நிறுத்தினால், தட்டையாக இருந்த நட்சத்திரம் வயிறு புடைத்து எழும். மேலே வண்ணக் காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் திறப்பு விட்டு, உள்ளே சூடேறாத சிறு மின்விளக்கைத் தொங்கவிடலாம். மெழுகுவர்த்தி வேண்டா, காகிதத்திற்கும் நெருப்பிற்கும் நட்பில்லை.

சிம்பு சீவுவது தந்தையின் வேலை. முடிச்சுப் போடுவது பிள்ளையின் வேலை. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தென்னை ஈர்க்கே போதும். உள்ளங்கை அளவில் அவர்கள் ஆளுக்கொரு நட்சத்திரம் கட்டிவிடுவார்கள். கோணலாக இருந்தால் திருத்த வேண்டா.

பிள்ளைகள் கட்டிய நட்சத்திரத்திற்கு உலகில் ஒரு வரலாறும் உண்டு. ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில், மொரேவியத் திருச்சபையார் நடத்திய ஆண்கள் பள்ளியில், 1830களில் வடிவக்கணிதப் பாடமாக மாணவர்கள் காகித நட்சத்திரம் செய்தனர். பல முனைகள் கொண்ட அந்த நட்சத்திரம் பள்ளியிலிருந்து வீடுகளுக்குப் போய், இன்று பல நாடுகளில் மொரேவிய நட்சத்திரம் என்ற பெயரோடு ஒளிர்கிறது. கணக்குப் பாடம் கிறிஸ்துமஸ் விளக்காயிற்று.

அந்த வாரம் எங்கள் மகள் எழுதிய வரி: "நான் நட்சத்திரம் செய்தேன்." 'ட்ச' என்ற இடத்தில் மூன்று முறை அழித்து எழுதினாள்.

இரண்டாம் வாரம்: வாழ்த்து மடல்

அச்சிட்ட வாழ்த்து மடலை உலகிற்கு அளித்தவர் இலண்டன் மாநகரத்து ஹென்றி கோல் என்பவர். பலருக்குக் கடிதம் எழுத நேரமின்றித் தவித்த அவர், 1843ஆம் ஆண்டில் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து அச்சிட்டார். நேரமில்லாதவர்க்குப் பிறந்தது அச்சு மடல். குழந்தைகளுக்கோ நேரம் நிறைய இருக்கிறது. ஆதலால் அவர்கள் கையால் செய்வதே முறை.

பழைய நாட்காட்டித் தாள், திருமண அழைப்பிதழின் பின்பக்கம், தையற்காரர் தரும் துணித்துண்டு, உலர்ந்த ஆலிலை ஆகிய இவை போதும். சாலைக் கடைவீதியில் சிறு செலவில் வண்ணக் காகிதம் கிடைக்கும். மடலில் ஒரே ஒரு விதி: முகவரியையும் வாழ்த்தையும் குழந்தை தன் கைப்படத் தமிழில் எழுத வேண்டும். எழுத்து பெரிதாகவும் சிறிதாகவும் இருக்கலாம். கோடு தாண்டலாம். அம்மா எழுதி, மேலே குழந்தை எழுதுவது மட்டும் கூடாது.

நம் பகுதியில் கைவேலை வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பள்ளிச் சிறுமியர்க்கு லேஸ் பின்னல் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னரே, அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியர் சிலர் லேஸ் பின்னி ஈட்டிய கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். நூலும் ஊசியும் விலங்கை அறுத்த கதை அது. குழந்தையின் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கும்போது இந்தக் கதையையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாம் வரி: "அன்புள்ள பாட்டி, நலமா?"

மூன்றாம் வாரம்: குடில்

1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்னும் சிற்றூரில், அசிசியின் பிரான்சிஸ் அடிகள் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக்கினார். எழுத்தறியா உழவரும் கண்ணால் கண்டு உணர்ந்தனர். எண்ணூறு ஆண்டுகளைக் கடந்த அந்த வழக்கம் இன்று நம் வீட்டு முற்றத்திலும் நிற்கிறது.

குடிலுக்குப் பசும்புல் வேண்டுமே! டிசம்பர் 15ஆம் நாளை ஒட்டிச் சிரட்டைகளில் மண் நிரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, நாள்தோறும் சிறிது நீர் தெளித்து வந்தால், கிறிஸ்துமசுக்குள் பச்சைப் பட்டு விரித்தாற்போல் முளைத்துவிடும். நீர் தெளிப்பதைக் கடைக்குட்டியிடம் ஒப்படையுங்கள். விதை முளைப்பதை அன்றாடம் பார்ப்பதே அந்தக் குழந்தைக்குப் பெரும் பரிசு.

பொம்மைகளில் எங்களுக்குக் குறை இருந்தது. ஆடுமேய்ப்பர் இருவர் உடைந்துபோயிருந்தனர். அண்டை வீட்டு மாமி செய்தி அறிந்து, கொலுப் பெட்டியைத் திறந்து இரண்டு மண் பசுக்களையும் குடம் சுமந்த ஒரு பெண்ணையும் கொடுத்தனுப்பினார்கள். மதுரையை அடுத்த விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்யும் கைகளே கிறிஸ்துமசுக்குக் குடில் பொம்மைகளும் செய்கின்றன. ஒரே களிமண், ஒரே கை. பிறந்த ஊரை விட்டு வந்த இடத்தில் இந்த ஒற்றுமை நமக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாம் வரி: "கேள்வரகு முளைத்துவிட்டது." ழகரம் ளகரமாகிவிட்டது. நான் திருத்தவில்லை.

நான்காம் வாரம்: முந்திரிக்கொத்து

கேரளத்தின் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் கைவேலையே தொடக்கம். தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பார், 1883ஆம் ஆண்டில், முர்டாக் பிரவுன் என்னும் தோட்ட முதலாளி கொணர்ந்த ஒரு கேக்கைச் சுவைத்துப் பார்த்து, அதைப்போல் தாமே செய்து காட்டினார் என்பர். கேக்கு நல்லதுதான். ஆனால் பாட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்ல நம் முந்திரிக்கொத்தை விஞ்சிய பண்டம் உண்டோ?

பெயரைக் கேட்டு முந்திரிப் பருப்பைத் தேட வேண்டா. கொடிமுந்திரிக் கொத்தின் சாயல் உடையதால் அப்பெயர் பொருத்தமாயிற்று. வறுத்த சிறுபயற்றை மாவாக்கி, தேங்காய்த் துருவலையும் எள்ளையும் வறுத்துச் சேர்த்து, ஏலக்காய் இட்டு, வெல்லப் பாகில் பிசைந்து சிறு உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். ஆறிய பின் மும்மூன்றாகச் சேர்த்து அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுக்க வேண்டும். உருட்டுவது குழந்தைகள், பொரிப்பது பெரியோர். ஈரம் படாமல் வைத்தால் பல நாள் கெடாது. பழைய தகர டப்பாவின் மேல் வண்ணக் காகிதம் ஒட்டினால் அதுவே பரிசுப் பெட்டி. அண்டை வீட்டுக்கு ஒரு பெட்டி, மாடி வீட்டு மலையாள அம்மைக்கு ஒரு பெட்டி, ஊருக்கு ஒரு பெட்டி என்று நாங்கள் மூன்று பெட்டி நிறைத்தோம். கொலுப் பசுக்கள் திரும்பும்போது வெறுங்கையோடு திரும்பவில்லை.

நான்காம் வரி: "உங்களைப் பார்க்க வருகிறேன்."

பாட்டி படித்தார்கள்

அந்த ஆண்டும் டிசம்பர் 24ஆம் நாள் தம்பானூரில் கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் நின்றோம். மடல் கசங்காதபடி மகள் அதை நோட்டுப் புத்தகத்தின் நடுவில் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்துகொண்டார்கள். ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்து, பள்ளிப் பிள்ளையைப் போல் உரக்கப் படித்தார்கள். கேழ்வரகு என்ற சொல்லின்மேல் விரல் ஒரு நொடி நின்றது. பின்பு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தது. நான்கு வரியும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். அன்று மாலைக்குள் எத்தனை முறை படித்தார்கள் என்று எண்ணியவர் இல்லை. தெருக்கோடிக் கடைக்கு மட்டும் போகவில்லை. இரவில் அந்த மடல் அவர்களுடைய வேதப்புத்தகத்திற்குள் சங்கீதப் பக்கத்தில் இருந்தது. அதன் அடியில் முந்தைய ஆண்டின் மலையாள மடலும் இருந்தது. இரண்டையும் அவர்கள் ஒன்றாகவே வைத்திருந்தார்கள்.

தாய்மார்களே, தந்தையரே! கடைப் பரிசைக் குறை கூற இக்கட்டுரை எழுந்ததன்று. பொம்மை வாங்கிக் கொடுங்கள், குழந்தை மகிழட்டும். ஆயின் அந்தப் பையில் குழந்தை கைப்பட எழுதிய ஒரு தாளும் இருக்கட்டும். கிறிஸ்துமஸ் கொண்டாடாத இல்லத்தார்க்குப் பொங்கலும் தீபாவளியும் ரம்சானும் உண்டு; அவற்றிற்கும் நான்கு ஞாயிறு முன்னதாகத் தொடங்கலாம். வாரத்திற்கு ஒரு வரி எவர்க்கும் சுமையன்று.

இந்த ஆண்டு எங்கள் இளைய மகனின் முறை. அவனுக்கு 'அ' முதல் 'ஔ' வரை வந்துவிட்டது. கேழ்வரகும் ஊறிக்கொண்டிருக்கிறது.

அனைவர்க்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்!