கேட்டுக் கொடுங்கள்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கிற அருமை நண்பர்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

வாசலில் வந்து நன்கொடை கேட்டால் கேட்டவுடன் கொடுப்பதா, விசாரித்துக் கொடுப்பதா? இதுதான் தலைப்பு. விசாரித்தே கொடுக்க வேண்டும் என்று பேச நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன கேட்டார்? "முல்லைக்குத் தேர் கொடுத்தானே பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்தானே பேகன், அவர்கள் விசாரித்தா கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, அந்த முல்லைக்கொடி ரசீதுப் புத்தகத்தோடயா வந்துச்சு? (சிரிப்பு) அந்த மயில், "நாளைக்கு ஆபரேஷன், இன்னைக்கே பணம் கட்டணும்"னு சொல்லிச்சா? (சிரிப்பு, கைதட்டல்) கொழுகொம்பில்லாமல் கொடி தவித்ததைப் பாரி தன் கண்ணால் பார்த்தான். கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய விசாரணை வேறு என்னய்யா இருக்கு?

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அது 23-ஆவது. அதே வள்ளுவர்தான் ஆளை ஆராய்ந்து தெளிவதற்கும் ஓர் அதிகாரம் வைத்தார், தெரிந்துதெளிதல், 51-ஆவது. அரசன் ஆள் எடுப்பதற்குச் சொன்ன அதிகாரம் அது. ஆனால் நம் வீட்டுக்கு நாம்தானே அரசன்!

எங்கள் பாகூரையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்குத் தெற்கே ஏரியும் வயலுமாக இருக்கிற ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், அந்த ஊரில் இருந்த ஒரு கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்தார்கள். சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போனார்களா? யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். பாகூர்ச் செப்பேடு என்று அதற்குப் பெயர். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ரசீது செல்லுபடியாகிறது. நம்ம வீட்டுக்கு வர்ற ரசீது அடுத்த தெருவிலேயே செல்லுபடியாக மாட்டேங்குது! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையிலும் வெள்ளம். இரண்டு வாரம் கழித்து, பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிற என் தாயாரிடம் இரண்டு பேர் வந்தார்கள். பகல் பதினொரு மணி. ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருக்கும், வீட்டில் வயசானவங்க மட்டும் இருக்கிற நேரம். "ஆயா, வெள்ளத்தில் எங்க அனாதை இல்லம் இடிஞ்சு போச்சு, நாப்பது பிள்ளைங்க" என்று போட்டோ காட்டியிருக்கிறார்கள். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, "பாருங்க, பெரிய வீட்டு ஐயா ஆயிரம் போட்டிருக்காரு" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பால் ஊற்றிச் சேர்த்து வைத்திருந்த 2,000 ரூபாயைக் கொடுத்துவிட்டார்.

ரசீதில் இருந்த விலாசத்துக்கு நானே போனேன். கதவு எண் 112 என்று போட்டிருந்தது. அந்தத் தெருவில் இருப்பதே நாற்பது வீடு! பெரிய வீட்டு ஐயாவைக் கேட்டேன். "நானா? அஞ்சு பைசா கொடுக்கலியே" என்றார்.

பணம் போனது போகட்டும். அடுத்த வாரம் ஒரு கிழவர் வந்து வாசலில் நின்றார். "தாயே, ஒரு பிடி சோறு." அம்மா கதவைச் சாத்திவிட்டார். பசித்து வந்தவரை ஒரு நாளும் திருப்பி அனுப்பாத கை, கதவைச் சாத்தியது. அன்று ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. "அந்தப் பெரியவர் நிஜமாவே பசியோட வந்திருந்தா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எதிரணி நண்பர்களே, போலி ஆள் திருடியது 2,000 ரூபாயை இல்லை. அந்தக் கிழவருடைய சோற்றைத் திருடினான்! (கைதட்டல்)

போலிகள் இப்போது செல்போனுக்குள்ளும் வந்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பிரதமர் பெயரில் நிதி திரட்டியபோது, உண்மையான கணக்கின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் குறைத்துப் போலிக் கணக்கு தொடங்கினார்கள். அதை முடக்க வேண்டியதாயிற்று. நம் காரைக்கால் பகுதியில், திருநள்ளாறு கோயில் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பக்தர்களிடம் பணம் வாங்கியதாக 2025-இல் போலீஸ் வழக்குப் போட்டது. சனீஸ்வரன் பெயரிலேயே செய்கிறார்கள் என்றால் துணிச்சலைப் பாருங்கள்! (சிரிப்பு)

சரி, என்னதான் செய்வது? நான்கு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, அவசரப்படுத்தினால் நிறுத்துங்கள். "நாளைக்கு வாங்க தம்பி, பிள்ளைங்ககிட்டே கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். உண்மையானவர் நாளைக்கும் வருவார். போலி வரமாட்டான், அவனுக்கு நாளைக்கு வேற ஊர்!

இரண்டு, அவர் நீட்டுகிற தாளில் இருக்கிற போன் நம்பருக்குப் பேசாதீர்கள். மறுமுனையில் அவருடைய கூட்டாளிதான் எடுப்பான். வில்லியனூரில் கோயில் திருப்பணி என்று கேட்டால், அந்தக் கோயில் அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள். இல்லம் என்று சொன்னால் நேரில் போய்ப் பாருங்கள்.

மூன்று, பதிவு எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பதிவு என்பது பிறந்த சர்டிபிகேட் மாதிரி. நடத்தைச் சர்டிபிகேட் இல்லை. அந்த எண்ணும் பெயரும் உண்மையில் பொருந்துகிறதா என்று பிள்ளைகளை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு, செல்போனில் அனுப்பினால், பணம் போவதற்கு முன் திரையில் வருகிற பெயரைப் படியுங்கள். இல்லத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். "உங்க பேத்திக்கு உதவித்தொகை வருது, ரகசிய எண்ணைப் போடுங்க" என்றால் நம்பவே நம்பாதீர்கள். ரகசிய எண் பணம் அனுப்பத்தான். வாங்குவதற்கு அது வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த முடியும். வாசலில் வந்து ஏமாற்றினால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். இன்னொரு சங்கதி. ஏமாற்றுக்காரனை நாம் '420' என்போம். 2024 ஜூலை 1 முதல் சட்டம் மாறி, மோசடிக்குப் பிரிவு 318 ஆகிவிட்டது. எண் மாறிடுச்சு, ஆள் மாறல! (சிரிப்பு)

"இப்படி விசாரித்தால் இரக்கம் செத்துப்போகுமே" என்பார் எதிரணித் தலைவர். இல்லை ஐயா. அதற்கு என் தாயாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகாதவர் அவர். நான் முனைவர் பட்டம் வாங்கியவன். ஆனால் இதில் அவர்தான் எனக்குப் பேராசிரியர். இப்போது வாசல் திண்ணையில் ஒரு பானையில் அரிசி வைத்திருக்கிறார். யார் வந்தாலும் ஒரு படி. பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பணம் என்று கேட்டால் மட்டும், "உக்காருப்பா, தண்ணி குடி. எந்த ஊரு, எந்த இல்லம்? என் மகன் வந்து பாத்துட்டுக் கொடுப்பான்" என்கிறார்.

சோற்றுக்கு விசாரணை இல்லை. பணத்துக்கு விசாரணை உண்டு. உங்கள் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் விசாரிக்கச் சொல்கிறேன். ஆகவே, கேட்டுக் கொடுங்கள், ஆனால் கட்டாயம் கொடுங்கள் என்று சொல்லி, எங்கள் அணிக்கே நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)