வண்ண வண்ணக் கடலை விழுது



திருவிழாக் கடையில் ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாய் தொங்கும். குழந்தை அழும், நாமும் வாங்கிக் கொடுத்துவிடுவோம். ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது ஞாபகம் இருக்கும். அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். பிள்ளைகள் ஆசைப்படுவது நிறத்துக்குத்தானே? அந்த நிறம் நம்ம தோட்டத்துக் காய்களிலேயே இருக்கிறது. அதை வைத்துச் செய்யும் ஒரு பண்டத்தை இன்றைக்குச் சொல்கிறேன்.

லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கம் இதை ஹம்முஸ் என்பார்கள். அரபு மொழியில் அந்தச் சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்றே பொருள். வெந்த கடலையை எள் விழுதோடு அரைத்து, ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். நாம் சப்பாத்தி, தோசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன வேணும்? வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம், வெள்ளை எள் 50 கிராம், பூண்டு 3 பல், பெரிய எலுமிச்சம்பழம் 1, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு, கொஞ்சம் சீரகம்.

கடலையை ராத்திரியே நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அரைவேக்காட்டில் அரைத்தால் விழுது நறநறவென்று இருக்கும். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அரைக்க உதவும்.

எள்ளை லேசாக வறுத்தால் போதும். சிவக்க விட்டால் கசந்துபோகும். முதலில் எள்ளை எண்ணெய் விட்டு மைய அரையுங்கள். பிறகு பூண்டு, சீரகம், உப்பு, கடைசியில் வெதுவெதுப்பான கடலை. வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்து வழித்தெடுங்கள். ஆட்டுக்கல்லிலும் அரைக்கலாம்.

இனி நிறம். விழுதை நாலு பங்காக்குங்கள். ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு மட்டும் கலந்து வெள்ளையாகவே இருக்கட்டும். இரண்டாவதில் வேகவைத்த பீட்ரூட் பாதி சேர்த்து அரைத்தால் ரோஸ் நிறம் வரும். எலுமிச்சைப் புளிப்பு அந்த நிறத்தைக் காப்பாற்றும். அதிகச் சூடுதான் அதைக் கெடுக்கும். அதனால் அரைத்த பின் அடுப்பில் வைக்காதீர்கள். மூன்றாவதில் வேகவைத்த கேரட்டும் ஒரு சிட்டிகை மஞ்சளும். கேரட்டின் சத்து எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். எள்ளில் எண்ணெய் இருக்கிறதே! நாலாவதில் ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, ஒரு பச்சைமிளகாய். இந்தப் பச்சை மட்டும் புளிப்புப் பட்டால் மங்கும். ஆகவே சாப்பிடும்போது சாறு பிழியுங்கள்.

கடலை சீக்கிரம் வேகச் சிலர் ஆப்பசோடா போடுவதுண்டு. போட்டால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், வெந்ததும் கடலையை அலசிவிடுங்கள். அந்தத் தண்ணீரையும் அரைக்க எடுக்காதீர்கள். சோடா மிஞ்சினால் மஞ்சள் சிவந்துபோகும், ருசியும் கெடும்.

முக்கியமான விஷயம்: வெந்த கடலை விழுது சீக்கிரம் கெடும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் காலையில் அரைத்ததை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். குளிர்பெட்டியில் 3 நாள் வைக்கலாம். புளித்த வாடை வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

100 கிராம் காய்ந்த கடலையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு அது வேணும். சந்தையில் பீட்ரூட், கேரட் விலை விழுகிற நாளில், விற்காமல் வீட்டுக்குத் திரும்பும் காய்க்கும் இது ஒரு வழி. ஒரு தடவை செய்து பாருங்கள். எந்த நிறக் கிண்ணம் முதலில் காலியாகிறது என்று பிள்ளைகளே காட்டிவிடுவார்கள்.