மின்கலத்தை அறிந்து வாங்குவோம்



பொழுது விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படுகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். அதே வீட்டு இளைஞரின் சட்டைப்பையில் மின் சிகரெட் இருக்கிறது. இவ்விரண்டிலும் பல வகைகளுக்கு ஒரே அளவுள்ள மின்கலம்தான் பொருந்துகிறது. ஆகவே, விளக்கின் பாட்டரி மின் சிகரெட்டுக்கும், மின் சிகரெட்டின் பாட்டரி விளக்குக்கும் கை மாறிப் போகிறது. இதில் என்ன ஆபத்து, நல்ல மின்கலத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இன்று தெரிந்துகொள்வோம்.

மின் சிகரெட் வேண்டாம் என்பதே நமது முதற்சொல். 2024 அக்டோபர் 1 முதல் மலேசியாவில் நடப்பிலுள்ள 852ஆம் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு அதை விற்பது குற்றம். ஆனால், வீட்டுக்குள் வந்துவிட்ட பொருளைப் பற்றி நாம் பேசாமல் இருந்தால் விபத்தும் வராமல் இருந்துவிடுமா?

அந்த மின்கலத்தின் மேல் 18650 என்று எழுதியிருக்கும். 18 என்பது மில்லிமீட்டரில் அதன் குறுக்களவு; 65 என்பது நீளம்; கடைசிச் சுழி உருளை வடிவத்தைக் குறிப்பது. இது லித்தியம் அயனி வகை. சாதாரண டார்ச் பாட்டரிக்கு 1.5 வோல்ட், இதற்கோ முழுமையாக மின்னேற்றினால் 4.2 வோல்ட். சிறிய உடலில் பெரிய சக்தி அடங்கியிருப்பதால் கவனமும் பெரிதாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். நம் லயத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு பெரியது என்பது ஒன்று. குழாய் எவ்வளவு அகலம் என்பது வேறொன்று. மில்லியம்பியர்-மணி என்ற எண் தொட்டியின் அளவைப் போன்றது. ஆம்பியர் என்ற எண் குழாயின் அகலத்தைப் போன்றது.

நெற்றி விளக்குக்குச் சிறிய குழாய் போதும். மின் சிகரெட் அப்படியன்று. அதன் சூடேற்றும் கம்பியின் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 4.2 வோல்ட்டை 0.2ஆல் வகுத்தால் 21 ஆம்பியர் வருகிறது. 10 ஆம்பியர் மட்டுமே தரக்கூடிய விளக்குப் பாட்டரியை அதில் போட்டால், தாங்க முடியாமல் உள்ளே கொதிக்கிறது. புகை கக்கும்; தீப்பிடிக்கும்; சில வேளை வெடிக்கும். ஆகவே, மின்கலங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

போலிகளும் உண்டு. இந்த அளவுள்ள மின்கலத்தில் பொதுவாக ஏறக்குறைய 3,600 மில்லியம்பியர்-மணிக்கு மேல் அடங்குவதில்லை. அட்டையில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல மின்கலம் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். கையில் எடுத்ததும் வெறுங்கூடு போல இலேசாக இருந்தால் வாங்காதீர்கள். விளக்குக்கு வாங்குபவர்கள், பாதுகாப்புச் சுற்று உள்ள மின்கலம் அந்த விளக்கில் பொருந்துமா என்று கேட்டு வாங்கலாம். அது சற்று நீளமாக இருக்கும்.

இத்தகைய மின்கலங்களைத் தனியாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாமென்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் எச்சரித்தது. கருவிக்குள்ளேயே பொருத்திய மின்கலம் உள்ளதை வாங்குவது இதைவிட மேல்.

எங்கள் மாணவன் ஒருவனின் அண்ணன், மாற்றுப் பாட்டரியைச் சாவிக்கொத்தோடு காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தார். பாதி வழியில் பை கொதித்தது. எடுத்து எறிவதற்குள் தொடையும் உள்ளங்கையும் வெந்துவிட்டன. பல நாள் அவரால் பால்வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. காரணம் என்ன? மின்கலத்தின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் அதை மறைத்திருக்கிறது. உறை கிழிந்த இடத்தையும் நேர்முனையையும் சாவி இணைத்துவிட்டது. அந்தக் கணமே மின்சாரம் முழு வேகத்தில் பாய்ந்தது. ஆகவே, உறை கிழிந்த மின்கலத்தைப் பயன்படுத்த வேண்டாம். மாற்று மின்கலத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் தனியே வையுங்கள்.

மின்னேற்றும் முறையும் முக்கியம். அந்த வகை மின்கலத்துக்கென்றே செய்த, சிரிம் முத்திரையுள்ள கருவியைப் பயன்படுத்துங்கள். மெத்தை மேலோ, துணிகளுக்கு அருகிலோ வைக்காதீர்கள். எல்லாரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்ற வேண்டாம். லயத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். உப்பியது, நசுங்கியது, நீரில் விழுந்தது ஆகியவற்றுக்கு மின்னேற்றவே கூடாது.

பழைய மின்கலத்தைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். நெருப்பில் அது வெடிக்கும். இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடி, பட்டணத்தில் மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். தீப்பிடித்துவிட்டால் புகையைச் சுவாசிக்காமல், பிள்ளைகளை முதலில் வெளியேற்றி, 999ஐ அழையுங்கள்.

இன்று மாலை விளக்கை எடுக்கும்போது அதன் மின்கலத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உறை கிழியாமல் இருக்கிறதா? எண் நம்பும்படி இருக்கிறதா? எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையை அருகில் அழைத்து, அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கும் அது ஒரு பாடமாகும்.