தாவல்கள் கூடினால் கணினி ஏன் திணறுகிறது?

உலாவியில் திறந்துவைத்த தாவல் கண்ணுக்குத் தெரியாதபோதும் ரேம் நினைவகத்தில் இடம் பிடித்திருக்கும். பக்கத்தின் எழுத்து, படங்கள், பின்னணியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எல்லாம் அங்கேதான் தங்குகின்றன. 2008-இல் வந்த குரோம், தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது. ஒன்று முடங்கினாலும் மற்றவை பிழைக்கும். அதற்குக் கொடுக்கும் விலைதான் கூடுதல் நினைவகம். 2018-இல் ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைபாடு வெளிப்பட்டபின், ஒரு தளத்தின் தரவை இன்னொரு தளம் எட்டிப்பார்க்காதபடி இந்தப் பிரிவினை இன்னும் கடுமையானது.

ரேம் நிரம்பினால் இயங்குதளம் சில பகுதிகளை வட்டுக்கு மாற்றும். வட்டின் வேகம் ரேமுக்கு ஈடாகாது. திணறல் பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது.

எல்லாவற்றையும் மூட வேண்டியதில்லை. 2021-இல் ஃபயர்பாக்ஸ் 93, விண்டோஸ் கணினிகளில் நினைவகம் குறையும்போது நெடுநேரம் தொடாத தாவல்களை நினைவகத்திலிருந்து இறக்கத் தொடங்கியது. குரோமின் நினைவகச் சேமிப்பு வசதியும் இவ்வழியே. தாவலின் தலைப்பு மேலே அப்படியே நிற்கும். சொடுக்கினால் பக்கம் மறுபடி ஏற்றப்படும், சற்றுத் தாமதமாக. பாட்டு ஒலிக்கும் தாவலைப் பொதுவாக உலாவி தொடுவதில்லை.

விண்டோஸ் குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், எந்தத் தாவல் எவ்வளவு விழுங்குகிறது என்ற பட்டியல் விரியும். பெருந்தீனிக்காரன் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான்.