தடித்த குதிரைக்கு ஏற்ற சேணம்

கௌபாய் படங்களில் வரும் பெரிய தோல் சேணத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கப் பண்ணைகளில் மாடு ஓட்ட உதவும் குவார்ட்டர் இனக் குதிரைகள் பலவற்றுக்கு முதுகு அகலம். கழுத்தடியிலுள்ள தோள்மேடோ தாழ்வு. அதனால் சேணம் பக்கவாட்டில் உருளும். அனுபவமில்லாதவர் வயிற்றுவாரை இறுக்குவார், கம்பளியை இரட்டிப்பார். நெருக்கும் சப்பாத்துக்குள் தடித்த காலுறை போட்டால் வலி குறையுமா?

சேணத்துக்குள் ஒரு சட்டம் உண்டு. அதன் இருபுறப் பலகைகளும் முதுகோடு சீராகப் படிய வேண்டும். இதையறிய, கம்பளி விரிக்காமல் சேணத்தைத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் வைத்து, பலகைக்கடியில் கையை நுழைத்துப் பார்ப்பார்கள். முன்புறத்தில் கை நசுங்கினால் சட்டம் குறுகல். அகன்றது தேட வேண்டும். சவாரிக்குப் பின், நனைந்த முதுகில் உலர்ந்த திட்டு தெரிந்தால், பெரும்பாலும் அங்கே அழுத்தம். கவனியாமல் விட்டால் நாளடைவில் அவ்விடத்தில் வெள்ளை மயிர் முளைத்துவிடும்.