ஜப்பானியப் பள்ளி மாணவரின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை மதிப்பிடுதல்

ஜப்பானில் பள்ளி மாணவர்கள் தங்கள் மொழியில் எழுதப்பட்ட ஒன்றை எந்த அளவுக்கு வாசித்துப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை அறிய, வகுப்புத் தேர்வு முதல் நாடு தழுவிய தேர்வு வரை பல முறைகள் கையாளப்படுகின்றன. வாசித்துப் புரிந்துகொள்ளுதலை ஜப்பானியர் 'தொக்காய்' என்பர். தாய்மொழிப் பாடத்தின் பெயர் 'கொக்குகோ'. தொடக்கப் பள்ளி 6 ஆண்டுகள், நடுநிலைப் பள்ளி 3 ஆண்டுகள், மேனிலைப் பள்ளி 3 ஆண்டுகள் என 12 ஆண்டுகளும் கொக்குகோ பாடத்தின் நடுவில் இருப்பது தொக்காய்தான்.

ஒரு மாணவன் விடையைத் தவறாக எழுதினால் அவனுக்கு எழுத்து தெரியவில்லையா, சொல் தெரியவில்லையா, வாக்கிய அமைப்பு பிடிபடவில்லையா, அல்லது எல்லாம் புரிந்தும் எழுதிக் காட்டத் தெரியவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். எல்லா மொழி ஆசிரியருக்கும் உள்ள இந்தச் சிக்கல் ஜப்பானிய மொழியில் இன்னும் கூடுதலாக உள்ளது. அதற்குக் காரணம் அதன் எழுத்துமுறை.

எழுத்தும் பொருளும்

ஜப்பானிய மொழி மூன்று எழுத்து வகைகளைக் கலந்து எழுதப்படுகிறது. ஹிரகானா, கத்தகானா ஆகிய இரண்டும் ஒலியெழுத்துகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த கான்ஜி எனும் சொல்லெழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 கான்ஜிகள் உள்ளன. அவற்றுள் 1,026 எழுத்துகளைத் தொடக்கப் பள்ளியிலேயே கற்றாக வேண்டும். முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200 என்று வகுப்புவாரியாக அவை பிரித்துத் தரப்பட்டுள்ளன.

ஒரே கான்ஜிக்குப் பல ஒலிப்புகள் உண்டு. உயிர், பிறப்பு என்ற பொருளுடைய ஓர் எழுத்து 'கக்குசே' (மாணவர்) என்ற சொல்லில் 'சே' என்றும், 'இஷ்ஷோ' (வாழ்நாள் முழுதும்) என்ற சொல்லில் 'ஷோ' என்றும், தனியே நின்று 'பச்சையான, வேகவைக்காத' என்று பொருள்படும்போது 'நமா' என்றும் ஒலிக்கும். எது எங்கே வரும் என்பதைச் சூழலைக் கொண்டே அறிய வேண்டும். சொற்களுக்கு இடையில் இடைவெளியும் கிடையாது. சின்னஞ்சிறு குழந்தைகளின் பாடநூலில் மட்டும் இடைவெளி விட்டு அச்சிடுவார்கள்.

தமிழ் எழுத்துகளைக் கற்ற குழந்தை எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பொருள் தெரியாமலே வாய்விட்டு வாசித்துவிடும். ஜப்பானியக் குழந்தைக்கு அது இயலாது. ஆனால், கான்ஜியின் வடிவைக் கண்டு பொருளை ஊகித்துவிட்டு, வாய்விட்டு வாசிக்கத் தெரியாமல் நிற்பது அதற்கு இயலும். ஆகவே, 'வாசிக்கிறான், ஆனால் புரியவில்லை', 'புரிகிறது, ஆனால் வாசிக்கவில்லை' என்ற இரண்டு நிலைகளையும் அங்குள்ள ஆசிரியர் பார்க்க நேரிடும். தொடக்க வகுப்புகளில் அன்றாட வீட்டுப்பாடமாக வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, பெற்றோர் கேட்டதற்கு அடையாளமாக ஓர் அட்டையில் குறித்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. சொல்லுக்கு ஒலிப்பும், வாக்கியத்துக்கு நிறுத்தமும் சரியாக விழுந்தால் பாதிக் கிணறு தாண்டியதாகக் கொள்ளலாம்.

கான்ஜி அறிவும் புரிதலும் ஒன்றல்ல என்பதால், தேர்வுகளில் மாணவர் இன்னும் கற்காத கான்ஜிக்கு அருகில் சிறிய ஹிரகானாவில் ஒலிப்பைத் தருவர். இதற்கு 'ஃபுரிகானா' என்று பெயர். கான்ஜி அறிவை மட்டும் தனியே சோதிக்க 'கான்ஜி கென்தெய்' என்ற தேர்வு 1975 முதல் நடைபெறுகிறது. அதன் கடைநிலையான பத்தாம் நிலைக்கு முதல் வகுப்பின் 80 எழுத்துகள் போதும். முதல் நிலைக்கு ஏறத்தாழ 6,000 எழுத்துகள் வேண்டும். அதில் தேறியவரெல்லாம் நன்கு புரிந்து வாசிப்பவர் என்று சொல்லிவிட முடியாது.

வகுப்பறை வினாக்கள்

வழக்கமான கொக்குகோ வினாத்தாளில் ஒரு கதைப் பகுதியும் ஒரு கட்டுரைப் பகுதியும் இருக்கும். கோடிட்ட 'அது', 'இது' எதைக் குறிக்கிறது, காலியிடத்தில் 'ஆனால்' வருமா 'ஆகவே' வருமா, ஆசிரியர் கருத்தை உரையிலிருந்தே எடுத்து எழுதுக, இந்த இடத்தில் பாத்திரத்தின் மனநிலை என்ன என்பன போன்ற வினாக்கள் வரும். விடையை '30 எழுத்துகளுக்குள்', '50 எழுத்துகளுக்குள்' என்று அளவிட்டுக் கேட்பது ஜப்பானியத் தேர்வுகளின் தனிப் பழக்கம். சதுரக் கட்டங்கள் அச்சிட்ட தாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக மாணவர் நிரப்புவார். எதை விட வேண்டும் என்று தெரிந்தவனால்தான் 50 கட்டத்தில் அடக்க முடியும்; நம் வகுப்புகளிலும் செய்து பார்க்கத்தக்க பயிற்சி இது. பாத்திரத்தின் மனநிலையைக் கேட்கும் வினாவைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்ல முடியாது. அதில் ஆசிரியர் மனத்தில் இருக்கும் விடையை மாணவர் மோப்பம் பிடித்து எழுதிவிடுவது உண்டு.

நாடு தழுவிய தேர்வு

2007 முதல் வழக்கமாக ஏப்ரலில் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் கல்வி அமைச்சு நாடு முழுவதும் தேர்வு நடத்துகிறது. கொக்குகோவும் கணக்கும் நிலையான பாடங்கள். தொடக்கத்தில் அடிப்படை அறிவுக்கு 'ஏ' தாள், அதைப் பயன்படுத்தும் திறனுக்கு 'பி' தாள் என இரண்டு இருந்தன. 2019-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. நிலநடுக்கப் பேரிடரால் 2011-இலும், கொரோனா தொற்றால் 2020-இலும் தேர்வு நடைபெறவில்லை. பார்வைக் குறைவுடையோருக்குப் பெரிய எழுத்துத் தாள், பிரெய்ல் தாள், எல்லாக் கான்ஜிக்கும் ஃபுரிகானா இட்ட தாள் ஆகியவையும் தரப்படுகின்றன.

இதற்கு முன்னும் ஒரு தேர்வு இருந்தது. 1960-களில் நடந்த நாடு தழுவிய தேர்வு, பள்ளிகளுக்கிடையே போட்டியை மூட்டியதாலும் ஆசிரியர் சங்கத்தின் கடும் எதிர்ப்பாலும் கைவிடப்பட்டது. அசாஹிகாவா நகரில் அதைத் தடுக்க முயன்றவர்கள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேர்வு சட்டப்படியானதே என்று 1976-இல் தீர்ப்பு வந்தது.

இப்போதைய தேர்விலும் பழைய சிக்கல் தலைகாட்டாமல் இல்லை. மாநில அளவிலான சராசரிகள் வெளியாகும்போது அகிதா, ஃபுக்குய் போன்றவை முன்னிலையில் பேசப்படுகின்றன. ஒக்கினாவா நெடுநாள் கடைசியில் இருந்தது. தேர்வுக்கு முன் பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்கும் பள்ளிகளை அமைச்சே எச்சரிக்க வேண்டி வந்தது. இன்னொரு குறையும் உண்டு. ஏப்ரலில் எழுதிய தேர்வின் முடிவு கோடை விடுமுறைக் காலமான ஜூலை இறுதியில்தான் வழக்கமாக வரும். ஆசிரியருக்கு அப்போது மதிப்பெண் கிடைக்கும். ஆனால் எந்த வாக்கியத்தில் எந்தப் பிள்ளை இடறினான் என்பதைக் கண்டு உடனே திருத்தும் வேளை போயிருக்கும்.

பிசா அதிர்ச்சி

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்தும் பிசா ஆய்வு 15 வயது மாணவரைச் சோதிக்கிறது. 2000-இல் வாசிப்பில் 522 புள்ளியுடன் 8-ஆம் இடத்தில் இருந்த ஜப்பான், 2003-இல் 498 புள்ளியுடன் 14-ஆம் இடத்துக்கு இறங்கியது. நாளேடுகள் இதைப் 'பிசா அதிர்ச்சி' என்றன. 2007 தேர்வு பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் 2012-இல் 538 ஆக உயர்ந்து, 2018-இல் 504 ஆகக் குறைந்து, 2022-இல் 516 புள்ளியுடன் 3-ஆம் இடம் கிடைத்தது.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஒரு தலைமுறையே வாசிக்க மறந்துவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம். பிசா அட்டவணை, வரைபடம், விளம்பரம் ஆகியவற்றையும் வாசிப்புப் பொருளாகக் கொள்கிறது. உரையிலிருந்து சான்று காட்டித் தன் கருத்தை எழுதச் சொல்கிறது. அத்தகைய வினாக்களில் ஜப்பானிய மாணவர் பலர் விடையெழுதாமல் வெறுமையாக விட்டனர். தவறாக எழுதுவதை விட எழுதாமல் விடுவது மேல் என்ற பழக்கமும் அதில் சேர்ந்திருக்கலாம். மேலும், 2015 முதல் தேர்வு கணினித் திரைக்கு மாறியது. தாளில் வாசித்துப் பழகிய பிள்ளைகளுக்குத் திரை புதிது.

வாசிப்புத் திறன் சோதனை

அண்மைக் காலத்தில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது கணிதவியலாளர் நொரிக்கோ அராய் உருவாக்கிய வாசிப்புத் திறன் சோதனை. தோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் வெல்லக்கூடிய செயற்கை நுண்ணறிவை உருவாக்கும் திட்டத்தை அவர் 2011-இல் தொடங்கினார. பொருள் புரியாத இயந்திரம் பல மாணவரை விட அதிக மதிப்பெண் வாங்கியபோது, மாணவர்களுக்காவது பொருள் புரிகிறதா என்ற ஐயம் எழுந்தது. அதன் விளைவாகப் பிறந்ததே இந்தச் சோதனை. இதைப் பற்றிய அவரது நூல் 2018-இல் வெளிவந்து மிகுதியாக விற்பனையானது.

இதில் நீண்ட உரை இல்லை. பாடநூலிலும் செய்தித்தாளிலும் வருவது போன்ற ஓரிரு வாக்கியங்கள்தாம். எந்தச் சொல் எதைத் தழுவுகிறது, சுட்டுச்சொல் எதைக் குறிக்கிறது, இரண்டு வாக்கியங்கள் ஒரே பொருள் தருகின்றனவா, இதிலிருந்து எதை உய்த்துணரலாம், எந்தப் படம் இவ்வாக்கியத்துக்குப் பொருந்தும், தரப்பட்ட வரையறைக்கு எது எடுத்துக்காட்டு எனப் பிரித்துப் பிரித்துக் கேட்கிறது.

சொல் தழுவலைத் தமிழிலேயே விளக்கலாம். ஏனெனில் வினை இறுதியில் வருவதும், பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன் அடுக்கடுக்காக நிற்பதும் இரண்டு மொழிக்கும் பொது. 'நேற்று ஊரிலிருந்து வந்த அண்ணன் கொடுத்த புத்தகத்தைத் தம்பி தொலைத்துவிட்டான்' என்ற வாக்கியத்தில் வந்தவர் யார், தொலைத்தவர் யார் என்று கேட்டால் கவனமில்லாத மாணவன் தடுமாறுவான். ஜப்பானிய மொழியில் எழுவாயை விட்டுவிடுவதும் இயல்பு என்பதால் தடுமாற்றம் கூடும்.

அராயின் வினாக்களில் ஒன்று வரலாற்றுப் பாடத்தைச் சேர்ந்தது. 1639-இல் ஷோகுன் அரசு போர்த்துகீசியரை வெளியேற்றி, கடற்கரையைக் காக்குமாறு பிரபுக்களுக்கு ஆணையிட்டது என்பது ஒரு வாக்கியம். போர்த்துகீசியர் வெளியேற்றப்பட்டனர், கடற்கரையைக் காக்குமாறு பிரபுக்களால் ஷோகுன் அரசு ஆணையிடப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றா, வேறா? ஆணையிட்டவரும் ஆணை பெற்றவரும் இடம் மாறிவிட்டதால் வேறு என்பதே விடை. நடுநிலைப் பள்ளி மாணவரில் 57 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு வினா, 'அலெக்ஸ்' என்ற பெயரைப் பற்றியது. அது ஆண், பெண் இருவருக்கும் வைக்கப்படுவது. அலெக்சாந்திரா என்ற பெண் பெயருக்கும் அலெக்சாந்தர் என்ற ஆண் பெயருக்கும் செல்லப்பெயர் என்று உரை சொல்கிறது. அலெக்சாந்திராவின் செல்லப்பெயர் எது என்பது வினா. விடை உரையிலேயே இருந்தும் நடுநிலைப் பள்ளி மாணவரில் 38 விழுக்காட்டினரே சரியாகக் கூறினர். 'பெண்' என்ற விடையைப் பலர் தேர்ந்தெடுத்தனர். 'செல்லப்பெயர்' என்பதற்குரிய ஜப்பானியச் சொல் தெரியாததால், அதைத் தாண்டிவிட்டு 'அலெக்சாந்திரா என்பது பெண்' என்று வாசித்திருக்கிறார்கள் என்பது அராயின் விளக்கம். தெரியாத சொல்லைத் தாண்டி வாசிப்பது எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். ஆனால் அது எங்கே நடந்தது என்பதை ஒரே வினாவில் காட்டிக் கொடுத்ததே இச்சோதனையின் பயன்.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. ஒரு நாவலையோ பத்துப் பக்கக் கட்டுரையையோ தொடர்ந்து வாசித்து மனத்தில் நிறுத்தும் திறனை இது அளப்பதில்லை. இலக்கிய நயத்தையும் அளப்பதில்லை. கணக்கு, அறிவியல் பாடநூலை ஒரு பிள்ளையால் தானே வாசித்துக் கற்க முடியுமா என்ற அளவுக்கு மட்டுமே இதைக் கொள்வது நன்று.

எழுதச் சொன்னதால் வந்த வினை

பல்கலைக்கழக நுழைவுக்கான பழைய பொதுத் தேர்வு முழுதும் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையிலானது. 2021 சனவரியில் தொடங்கவிருந்த புதிய தேர்வின் கொக்குகோ தாளில் எழுத்துவிடை வினாக்களைச் சேர்க்க அரசு திட்டமிட்டது. மிக நீளமான விடை 80 முதல் 120 எழுத்துகள். நோக்கம் நல்லது. ஆனால் ஏறத்தாழ 5 லட்சம் பேரின் விடைகளைச் சில நாட்களில் ஒரே அளவுகோலால் திருத்த வேண்டும். அதற்குத் தனியார் நிறுவனம் பகுதிநேர ஆட்களை அமர்த்தலாம் என்ற செய்தி பெற்றோரைக் கலங்க வைத்தது. மேலும், ஜப்பானிய மாணவர் தம் மதிப்பெண்ணைத் தாமே கணக்கிட்டு எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என முடிவு செய்வர். முன்னோட்டத் தேர்வில் எழுத்துவிடைகளுக்கு மாணவர் இட்ட மதிப்பும் திருத்தியவர் இட்ட மதிப்பும் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு ஒத்துவரவில்லை. 2019 திசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. விடைத்தாள் கட்டைத் திருத்தியவர்களுக்கு இது வியப்பாக இராது. ஒரே விடைக்குக் காலையில் இடும் மதிப்பெண்ணை மாலையில் இடுவது கடினம்.

இடர்ப்பாடுடைய குழந்தைகள்

எழுத்து வாசிப்பதிலேயே இடர்ப்பாடு உள்ள குழந்தைகளுக்கு ஹிரகானா, கத்தகானா, கான்ஜி ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்கும் தரப்படுத்தப்பட்ட சோதனை உண்டு. ஹிரகானாவில் தடையில்லாத குழந்தை கான்ஜியில் தடுமாறக்கூடும் என்பதால் மூன்றையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

வீட்டில் வேறு மொழி பேசி வளரும் பிள்ளைகளின் நிலை வேறு. ஜப்பானிய மொழி கற்பிப்பு தேவைப்படும் மாணவர் 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் 58,000-க்கும் அதிகம். போர்த்துகீசியம், சீனம், பிலிப்பினோ முதலிய மொழிகளைப் பேசும் குடும்பங்களின் குழந்தைகள் இவர்கள். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் பிள்ளை பாடநூலைத் திறந்ததும் ஊமையாகிவிடும். வகுப்புத் தேர்வில் பூச்சியம் வாங்கினால் அறிவுக் குறை என்று தவறாக எண்ணவும் இடமுண்டு. இவர்களுக்கென 2014-இல் கல்வி அமைச்சு உரையாடல்வழி மதிப்பீட்டு முறையை வெளியிட்டது. ஆசிரியர் ஒரு குழந்தையுடன் தனியே அமர்வார். முதலில் பேச்சுக் கொடுத்து, 55 படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார். பிறகு குழந்தையின் நிலைக்கேற்ற சிறு நூலைத் தந்து வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, கதையைத் தன் சொற்களில் திரும்பச் சொல்லச் சொல்வார். எங்கே தயங்கியது, எந்தச் சொல்லைத் தாண்டியது, எதைப் படத்தைப் பார்த்து ஊகித்தது என்று குறித்துக்கொண்டு ஆறு படிநிலைகளுள் ஒன்றில் வைப்பார். குழந்தை தடுமாறினால் உதவி செய்யலாம். உதவியுடன் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதும் மதிப்பீட்டின் பகுதியே.

சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் நடைபெறும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வை இவற்றுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1984-இல் தொடங்கிய அத்தேர்வு, ஜப்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவருக்கானது. 2010 முதல் அது ஐந்து நிலைகளில் நடைபெறுகிறது. அதன் வாசிப்புப் பகுதி முழுதும் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே அமைந்துள்ளது.