ஊர் பெருகுகிறது, வழி சுருங்குகிறது

நாகர்கோவில் 2019ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அந்நகரின் மக்கள்தொகை 2,24,849. முன்பு நெல் விளைந்த வயல்களிலும் தென்னை நின்ற விளைகளிலும் இன்று வீடுகள் எழுந்துள்ளன. குடும்பங்கள் பெருகும்போது வீடுகள் பெருகுவது இயல்பே. ஆயினும், வீடுகளோடு வழிகளும் பெருகினவா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோட்டாறு கம்பளத்தையும் வடசேரி கனகமூலம் சந்தையையும் சுற்றியுள்ள பழைய தெருக்களை நோக்குங்கள். அவை குறுகியவை, ஆனால் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு தெருவில் தேர் நின்றாலும், மறு தெரு வழியாகவோ முடுக்கு வழியாகவோ போய்விடலாம். புதிய மனைப்பிரிவுகள் பலவற்றின் நிலையோ வேறு. நிலம் துண்டு துண்டாக விற்கப்படுகிறது. பெருஞ்சாலையிலிருந்து நிலத்தின் கடைசி எல்லைவரை ஒரு பாதை போட்டு, அங்கே மதில் எழுப்பிவிடுகின்றனர். பாதையை அப்பால் நீட்டினால் விற்கும் மனை குறையுமே என்பது அவர்கள் கணக்கு. முன்பு மக்கள் நடந்து சென்ற வயல்வரப்புகளும் மதில்களுக்குள் மறைந்துவிடுகின்றன.

விளைவு என்ன? மதிலுக்கு அப்பால் நூறடியில் பள்ளி இருந்தும், பிள்ளைகள் பெருஞ்சாலையைச் சுற்றிச் செல்ல நேரிடுகிறது. அருகிலுள்ள கடைக்கும் வண்டி தேவைப்படுகிறது. அனைத்து வண்டிகளும் ஒரே சாலையில் வந்து குவிகின்றன. பார்வதிபுரம் மேம்பாலம் தொலைவழி வண்டிகளுக்கு உதவலாம். அடுத்த தெருவுக்குச் செல்பவருக்கு அதனால் பயனில்லை. ஒரே வாயிலில் ஒரு லாரி நின்றுவிட்டால், நோயாளியை ஏற்ற வரும் ஆம்புலன்சும் அங்கேயே நின்றுவிடும்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1929இல் உருவான ராட்பர்ன் குடியிருப்பிலும் முட்டுச்சந்துகள் உண்டு. ஆனால் அவை வண்டிகளுக்கு மட்டுமே முடிவு. நடப்பவர்களுக்கெனப் பூங்காவழிப் பாதைகளையும், சாலைக்கு அடியில் செல்லும் வழியையும் அமைத்தனர். நாமோ வண்டியை மட்டுமின்றி, நடக்கும் மனிதரையும் மதிலால் தடுத்துவிடுகிறோம்.

இதற்குப் பரிகாரம் நம் கையிலேயே உள்ளது. நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் குடும்பத்தினரே, பக்கத்து நிலத்தாரோடு முன்கூட்டியே பேசி, இரு பாதைகளும் சந்திக்குமாறு வரைபடம் தயாரியுங்கள். அது இயலாவிடில் ஒரு நடைபாதையேனும் விடுங்கள். ஆறடி அகலமும் நூறடி நீளமுமுள்ள நடைபாதைக்கு ஒன்றரைச் சென்ட் நிலம்கூடத் தேவைப்படாது. மனை வாங்குவோரே, விலையையும் தண்ணீரையும் விசாரிக்கும்போது, “இந்தப் பாதை எங்கே போய்ச் சேரும்?” என்றும் கேளுங்கள். பத்திரம் பதிந்து மதில் எழுந்த பின்னர், அந்த ஒன்றரைச் சென்ட்டை எவரிடம் போய்க் கேட்பது?